ஒன்றேகால் கிலோ பிளேட் ஒரு சோடி

திருகோணமலை ஜிம் உரிமையாளர்களுக்கும் மாஸ்டர்மாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்பின் ஜிம் உரிமையாளர்களுக்கும், அங்கே நின்று பழக்கிவிடுகிற மாஸ்டர்மாருக்கும்,

போன மாதம் ஒரு சின்ன அலுவலாக உப்புவெளியிலிருந்து நகரத்துக்குள் வந்து ஒரு சுற்றுச் சுற்றினேன். ஐந்து ஜிம்களுக்குள் ஏறி இறங்கினேன். எது எது என்று சொல்லப்போவதில்லை. எல்லா இடத்திலும் கேட்டது ஒரே கேள்விதான்: "ஒன்றேகால் கிலோ பிளேட் இருக்கா?" எடை தூக்குகிற பாரின் இரண்டு பக்கத்திலும் கோர்க்கிற இரும்பு வட்டைத்தான் சொல்லுகிறேன்.

மூன்று இடத்தில் சிரித்தார்கள். நாலாவது இடத்தில் நின்ற தம்பி, "அது பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அண்ணா, உங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். ஐந்தாவது இடத்தில் உண்மையிலேயே இருந்தது. ஆனால் ஒன்றுதான். சோடியில் மற்றது எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இருந்த ஒன்றும் கடற்காற்றில் கதவு அடிபடாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

நான் எழுதுவது கதவுக்கு முட்டுக்கொடுத்த அந்த பிளேட்டைப் பற்றித்தான். முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது 47. ஹாட்வெயார் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சீனி வருத்தம் என்று கிளினிக்கில் சொன்ன பிறகுதான் ஜிம் வாசலை மிதித்தேன். எடை தூக்கப் பழகி எனக்குச் சீனி இறங்கியது, நித்திரை வந்தது, கோணேசர் கோயில் ஏற்றத்தில் இடையில் நின்று மூச்சு வாங்குவதும் நின்றது. ஆகவே ஜிம் கூடாது என்று சொல்லுகிற ஆள் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். எடை தூக்குவது அப்படி ஆபத்தான விளையாட்டும் இல்லை. போட்டிக்கென்று பாரம் தூக்குகிற பவர்லிப்டிங் ஆட்களிடமே எடுத்த கணக்குகளில் 1000 மணி நேரப் பயிற்சிக்கு ஒன்று முதல் நாலு வரையான காயங்கள்தான் வருகின்றன. ஏகாம்பரம் மைதானத்தில் ஒரு பின்னேர உதைபந்தாட்ட மட்ச் முழுக்கப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு சின்னது என்று விளங்கும்.

எனக்கு நடந்தது போன வருஷம் தை மாதம். வாடை மழை விடாமல் பெய்த கிழமை. முதல்நாள் இரவு வீட்டுக்குள் ஒழுகி, வாளி வைத்து வைத்து நித்திரையே இல்லை. இருந்தாலும் பின்னேரம் போனேன், பழக்கதோஷம். அன்றைக்கு டெட்லிப்ட், தரையில் கிடக்கிற பாரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து எழும்புகிற பயிற்சி. அதுவரை 80 கிலோ தூக்கிக்கொண்டிருந்தேன். 90 போடலாம் என்று பார்த்தால் ஐந்து கிலோ பிளேட் இரண்டையும் வேறு யாரோ எடுத்து வைத்திருந்தார்கள். மாஸ்டர் சுற்றிப் பார்த்தார். "பரவாயில்லை அண்ணா, இருபது கிலோ சோடி சும்மாதான் கிடக்குது. இண்டைக்கு நூறு தூக்குறீங்கள், நான் வீடியோ எடுக்கிறன்" என்றார்.

எண்பதிலிருந்து நூறு. ஒரே பின்னேரத்தில் நாலில் ஒரு பங்கு கூட. கடையில் ஒரு ஆணிப் பெட்டியின் விலை அப்படி ஏறினால் நாலு பேரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்கிறவன் நான். அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடியோ அல்லவா.

பார் முழங்கால் வரை வந்தது. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. நாரிக்குள் யாரோ ஈரத் துவாயை முறுக்கிப் பிழிகிற மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பாரைப் போட்டுவிட்டு வாங்கில் இருந்தேன். ஐந்து நிமிஷம் கழித்து எழும்ப முடியவில்லை. செருப்பை வேறு ஒருவர்தான் மாட்டிவிட்டார். வீட்டுக்குப் போன ஆட்டோ ஒவ்வொரு குழியிலும் விழும்போது, இந்த ஊரில் இத்தனை குழிகளா என்று எண்ணிக்கொண்டு போனேன்.

பிறகு தொடங்கியது ஆலோசனை. மாஸ்டர், பாவம், மனம் கேட்காமல் அடுத்தநாளே வீட்டுக்கு வந்தார். எண்ணெய் தடவி, குப்புறப் படுக்கவைத்து, முழங்காலால் நாரியில் ஏறி நெட்டி முறித்தார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அம்மா கன்னியாவுக்குப் போகச் சொன்னா. ஏழு கிணற்றுச் சுடுதண்ணியிலும் மாறி மாறி வார்த்தேன். வார்க்கும்போது சுகமாகத்தான் இருந்தது. சூடு நோவைக் கொஞ்ச நேரம் அடக்கும், அதில் பொய்யில்லை. மச்சான் ஒருவர் கையோடு கொண்டுபோய்ப் பணம் கட்டி எம்.ஆர்.ஐ. எடுப்பித்தார். ரிப்போட்டில், முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கிற டிஸ்க் ஒன்று பிதுங்கியிருக்கிறது என்று வந்தது. அதைப் பார்த்த வைத்தியர் ஒருவர், "இனிமேல் தண்ணி வாளிகூடத் தூக்கக் கூடாது. மூன்று கிழமை கட்டில்" என்றார். நானும் கிடந்தேன். பத்தாவது நாள் குளியலறைக்குப் போய்வரவே கால் நடுங்கியது.

மாஸ்டர் சொன்னது "ஒன்றுமில்லை, இரண்டு நாளில் வாருங்கோ." வைத்தியர் சொன்னது "ஒருநாளும் வேண்டாம்." இரண்டு நாளுக்கும் ஒருநாளும் இல்லை என்பதற்கும் நடுவில் என்ன செய்வது என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

கடைசியில் அதைச் சொன்னது ஒரு பிசியோ. அந்தப் பிள்ளைக்கு என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் மரணச் சான்றிதழ் மாதிரிக் காவிக்கொண்டு போன ரிப்போட்டைப் பார்த்துவிட்டு மேசையில் ஓரமாக வைத்தா. நாரியில் ஒருநாளும் நோவே வராத ஆட்களை ஸ்கான் எடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015இல் ஒன்றாகக் கூட்டிப் பார்த்திருக்கிறார்களாம், மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள். இருபது வயதுக்காரரிலேயே 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. எண்பது வயதில் 84 சதவீதம். ஒருவருக்கும் நோவு இல்லை. "அங்கிள், உங்கட தலைமயிரில நரை இருக்கிறது மாதிரி இதுவும் இருக்கும். நோவுக்கு இதுதான் காரணம் எண்டு இந்தப் படத்தைப் பார்த்துச் சொல்லேலாது" என்றா.

மாஸ்டர்மாரே, இதை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். நாரியைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது "டிஸ்க் விலகிட்டுது போல" என்று வாய்க்கு வந்தபடி சொல்லாதீர்கள். அந்தச் சொல் மனதுக்குள் போய்க் குந்திவிடும். பிறகு செருப்பு எடுக்கவும் பயந்து பயந்து குனிவோம். திடீரென்று வருகிற நாரி நோவில் பெரும்பாலானவை ஆறு கிழமைக்குள் நன்றாகத் தணிந்துவிடும். கட்டிலில் கிடப்பது அதைக் கெதிப்படுத்தாது. நோவு விடுகிற அளவுக்கு நடப்பதும் வீட்டு வேலை செய்வதும்தான் உதவும்.

ஆனால் சில அறிகுறிகளுக்கு ஒரு நிமிஷமும் பொறுக்கக் கூடாது, இதைச் சுவரில் எழுதி ஒட்டினாலும் தகும். சலம் போவது தெரியாமல் போனால், அல்லது போகவே முடியாமல் அடைத்தால், மலம் அடக்க முடியாவிட்டால், தொடையிடுக்கும் மலவாசலும் மரத்துப்போனால், கால் வலுவிழந்து பாதம் தூக்க முடியாமல் இழுபட்டால், நோவோடு காய்ச்சல் இருந்தால், எண்ணெய், பரியாரி, கன்னியா எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே ஆஸ்பத்திரி. இரவு இரண்டு மணியென்றாலும். முள்ளந்தண்டின் அடியில் இருக்கிற நரம்புக் கட்டு நசிந்தால் மணித்தியாலக் கணக்கில்தான் அவகாசம்.

எனக்கு அவை எதுவும் இருக்கவில்லை. பிசியோ கேட்டது ஒரு கேள்வி: "வீட்டில் ஐந்து லீற்றர் தண்ணிக் கேன் இருக்கா?"

இருந்தது. ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ. முதல்நாள் இரண்டு லீற்றர் நிரப்பி, தரையில் வைக்காமல் கதிரையில் வைத்து, அங்கிருந்து எடுத்து நிமிர்ந்து திரும்ப வைப்பது. பத்து முறை. சிரிப்பு வந்தது. நூறு கிலோவுக்கு வீடியோ எடுப்பித்தவன் இரண்டு கிலோவைக் கதிரையில் வைத்து எடுக்கிறேன், மனைவி குசினி வாசலில் நின்று பார்க்கிறா. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அரை லீற்றர் கூட்டச் சொன்னா. அதற்கு ஒரு விதியும் தந்தா: செய்யும்போது நோவு பத்துக்கு மூன்று வரை வரலாம், பயப்பட வேண்டாம். ஆனால் அடுத்தநாள் காலை தேத்தண்ணி குடிக்கிற நேரத்துக்குள் அது பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வந்தால் அரை லீற்றர் கூட்டு. வராவிட்டால் அதே அளவில் நில், அல்லது ஒரு படி இறங்கு.

இவ்வளவுதான் வைத்தியம். கேன் நிரம்பியது. கதிரையிலிருந்து முக்காலிக்கு இறங்கினேன், முக்காலியிலிருந்து தரைக்கு. பிறகு பத்து லீற்றர் வாளி, பிறகு இருபது லீற்றர்க் கேன். மூன்றாம் மாதம் அந்தப் பிள்ளை, "இனி ஜிம்முக்குப் போங்கோ" என்றா.

சந்தோஷமாக வந்தேன். வந்தபோதுதான் பிரச்சினை தொடங்கியது. தண்ணீரில் அரைக் கிலோ கூட்டலாம். உங்கள் ஜிம்மில் கூட்ட முடியாது.

கணக்கைப் பாருங்கள். பார் 20 கிலோ. ஜிம்மில் கிடக்கிற மிகச் சின்ன பிளேட் ஐந்து கிலோ என்றால், இரண்டு பக்கமும் போட வேண்டும், ஆகக் குறைந்த ஏற்றம் பத்து கிலோ. 150 தூக்குகிற தம்பிக்குப் பத்து ஒன்றுமில்லை, பதினைந்தில் ஒரு பங்கு. ஆனால் 30 கிலோவில் நிற்கிறவருக்கு அது மூன்றில் ஒரு பங்கு. காயப்பட்டுத் திரும்பி வருகிறவர், புதிதாக வருகிறவர், வயது போனவர், பெண்கள், எல்லாரும் அந்த முப்பது நாற்பதில்தான் நிற்பார்கள். பெலசாலிக்குச் சின்னப் படியும் பெலவீனருக்குப் பெரிய படியும் வைத்திருக்கிறோம். கோயில் படிக்கட்டை யாராவது அப்படிக் கட்டுவார்களா? ஒன்றேகால் கிலோ சோடி இருந்தால் படி இரண்டரை கிலோ ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், இதை நானும் அடிபட்ட பிறகுதான் கவனித்தேன். போட்டிகளில் பயன்படுத்துகிற பெரிய பிளேட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர். அதைப் போட்டால் பார் தரையிலிருந்து இருபத்திரண்டரை சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கும். ஐந்து கிலோ இரும்பு பிளேட்டோ சாப்பாட்டுக் கோப்பை அளவுதான். அதைப் போட்டால் பார் கிட்டத்தட்டத் தரையில் கிடக்கும். அதாவது எடை குறைத்துத் தூக்குகிறவர்தான் கூடுதலாகக் குனிய வேண்டும். நாரி நொந்து வந்தவருக்கு இதைவிடத் தண்டனை வேண்டாம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு மரக்கட்டை வையுங்கள், சரி. கட்டை இல்லாவிட்டால் பழைய டயரும் போதும்.

எங்கள் கடைக்கு லொறியில் சீமெந்து வரும். பை ஒன்று 50 கிலோ. இறக்குகிற ஐயா ஒருவருக்கு அறுபது வயதை நெருங்குகிறது, அவர் நாரி நோவென்று லீவு எடுத்து நான் சம்பளம் வெட்டியதில்லை. புதிதாக வருகிற பெடியன்மார்தான் மூன்றாம் நாள் காணாமல் போவார்கள். ஏன் என்று ஐயாவிடம் கேட்டேன். "முதல் கிழமை ஆளைச் சீமெந்துக்குப் பக்கத்தில விடக் கூடாது தம்பி. ஆணிப் பெட்டி, பெயின்ட் வாளி எண்டு எடுக்க விடோணும். முதலாளிக்கு அவசரம், என்ன செய்யிறது" என்றார். அவருக்கு எந்த பிசியோவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தசை கெதியாகப் பலக்கும், அதை எலும்போடு கட்டுகிற நாண் ஆறுதலாகத்தான் பலக்கும். அதனால் மூன்றாம் மாதம் ஆளுக்குத் தென்பு வந்த மாதிரி இருக்கும்போதுதான் முழங்கையும் தோள்மூட்டும் நோகத் தொடங்கும்.

நீங்கள் கரும்பலகையில் எழுதிப்போடுகிற "மூன்று செட், பத்து ரெப்", அதாவது பத்துப் பத்து முறையாக மூன்று தடவை தூக்குவது, எங்கிருந்து வந்தது தெரியுமா? ஆணழகன் போட்டியிலிருந்து வந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வந்தது ஆஸ்பத்திரி வாட்டிலிருந்து. தோமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க இராணுவ வைத்தியர். சின்ன வயதில் வாதக் காய்ச்சலில் படுக்கையில் கிடந்து, பிறகு எடை தூக்கித் தேறிய ஆள். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பான் விமானங்கள் நம் துறைமுகத்திலும் சீனக்குடாவிலும் குண்டு போட்டுவிட்டுப் போனதே, அதே யுத்தத்தில் காயப்பட்ட சிப்பாய்கள் சிகாகோ இராணுவ ஆஸ்பத்திரியில் நிறைந்து கிடந்தார்கள். காயப்பட்ட காலுக்கு ஓய்வுதான் மருந்து என்றிருந்த காலம். இவர் அந்தக் கால்களில் எடையைக் கட்டித் தூக்கவைத்தார், கிழமைக்குக் கிழமை கூட்டினார். 1945இல் அதை எழுதினார். 1948 அளவில் முறையைச் சுருக்கி மூன்று செட் ஆக்கினார்: ஒருவரால் பத்து முறை தூக்க முடிந்த எடையில் முதல் செட்டுக்கு அரைவாசி, அடுத்ததற்கு முக்கால்வாசி, கடைசிக்கு முழுசு. நாம் அரைவாசியையும் முக்கால்வாசியையும் மறந்துவிட்டு மூன்றையும் முழுசாகச் செய்கிறோம்.

காயப்பட்டவரை ஜிம்மிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிற பழக்கத்தையும் கொஞ்சம் யோசியுங்கள். மோட்டார் சைக்கிளில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்து பிளாஸ்டரோடு வந்த பெடியன் ஒருவரை, "மாறின பிறகு வாரும்" என்று திருப்பி அனுப்பியதைக் கண்டேன். மற்றக் கை இருக்கிறதே, கால் இருக்கிறதே. ஒரு கையைப் பழக்கினால் பழக்காத கைக்கும் கொஞ்சம் பலம் ஏறும் என்பது புதுக் கதையில்லை, 1894இலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். வைத்தியர் சரி என்றால், அந்தப் பெடியன் வலக்கையைப் பழக்கியிருந்தால் பிளாஸ்டர் கழற்றுகிற நாளில் இடக்கை அவ்வளவு பலம் இழக்காமல் இருந்திருக்கலாம். தோள் நொந்தால் அகலமாகப் பிடிக்கிறதைக் குறுக்கிப் பாருங்கள், முழுசாக இறக்காமல் பாதி வரை இறக்கிப் பாருங்கள். அப்போதும் நொந்தால் எடையைக் குறையுங்கள். இந்த மூன்றையும் பார்க்காமல் விட்டுவிடச் சொல்லுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

நோவுக்குளிசை போட்டுவிட்டுத் தூக்க வருகிறவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். நோவுதான் ஆளுக்கு அளவுகோல், அதை மூடிவிட்டு எதை வைத்து அளக்கிறது? ஐஸ் வைப்பதைப் பற்றியும் இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்லுகிறார்களில்லை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்ற முறையை 1978இல் பிரபலப்படுத்திய வைத்தியர் கேப் மிர்க்கினே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் மாற்றிச் சொன்னார். நோவு தாங்காவிட்டால் கொஞ்ச நேரம் வைக்கலாம், அதோடு சரி.

இனி உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

பெஞ்ச் பிரஸ், வாங்கில் மல்லாக்கப் படுத்துப் பாரை நெஞ்சிலிருந்து மேலே தள்ளுவது. ஒருநாள் மத்தியானம், கச்சான் காற்று கொதிக்கிற நேரம், ஜிம்மில் நானும் இன்னொரு பெடியனும் மட்டும். மாஸ்டர் சாப்பிடப் போய்விட்டார். பெடியன் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாகப் படுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், பார் அவருடைய கழுத்தடியில் நிற்கிறது, கால் இரண்டும் உதறுகிறது, சத்தம் வரவில்லை. ஓடிப்போய்த் தூக்கினேன். அவருடைய முகத்தின் நிறத்தை இன்னும் மறக்க முடியவில்லை. பிளேட் விழாமல் இரண்டு பக்கமும் இறுக்கிக் கிளிப் போட்டிருந்தார். போடாமல் இருந்திருந்தால் பாரை ஒரு பக்கம் சாய்த்து பிளேட்டை விழுத்தியாவது தப்பியிருக்கலாம். பெருவிரலைச் சுற்றிப் பிடிக்காமல் உள்ளங்கையில் சும்மா ஏந்தியும் வைத்திருந்தார், அதுவும் வழுக்கி விழுகிற பிடி.

இதற்கு மருந்து இரண்டு இரும்புத் தாங்கி. வாங்கின் இரண்டு பக்கத்திலும், படுத்திருக்கிறவர் நெஞ்சை நிமிர்த்தும்போது நெஞ்சுக்குச் சற்றுக் கீழேயும், கழுத்துக்கு மேலேயும் வருகிற உயரத்தில். பார் கைவிட்டால் தாங்கியில் இருக்கும், கழுத்தில் இராது. இந்த ஊரில் கேற் செய்கிற எந்த வெல்டிங் கடையிலும் கேட்டால் செய்துதருவார்கள். அது வரும்வரை, பிடிக்க ஆள் இல்லாமல் பெஞ்ச் பிரஸ் இல்லை என்று ஒரு சட்டம். எழுதி ஒட்டிவிட்டு மாஸ்டர் சாப்பிடப் போகட்டும்.

மூச்சைப் பற்றியும் ஒரு சொல். தம் பிடித்து முக்கித் தூக்கும்போது இரத்த அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கனடாவில் நாடிக்குள் குழாய் விட்டு அளந்தார்கள், 1985இல். இரண்டு காலாலும் லெக் பிரஸ் மெஷினைத் தள்ளும்போது சராசரி 320க்கு 250. அளந்தது நல்ல பழக்கமுள்ள ஆட்களில். பிரஷர் குளிசை குடிக்கிற ஐம்பது வயதுக்காரர் உங்களிடம் வந்தால், அவரைக் கடைசி ரெப் வரை கத்தி முக்கவைக்காதீர்கள். வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை மூச்சு விட்டுக்கொண்டே தூக்கக்கூடிய எடை போதும் அவருக்கு. என்னைப் போல சீனிக்காரர் மத்தியானம் அரைகுறையாகச் சாப்பிட்டுவிட்டுக் குளிசையோ ஊசியோ போட்டுக்கொண்டு வந்தால், தலை சுற்றி விழலாம். மேசை லாச்சியில் நாலு டொபி வைத்திருங்கள்.

புதிதாக வருகிறவரை முதல்நாளே நூறு, இருநூறு என்று குந்தி எழும்பவைத்து "டெஸ்ட்" பண்ணுகிற விளையாட்டை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதுவும் இந்தக் கச்சான் வெக்கையில், தண்ணீர் குடிக்கவிடாமல். தசை அளவுக்கு மிஞ்சி உடைந்தால் அதன் கழிவு சிறுநீரகத்தில் போய் அடைக்கும். அடுத்தநாளோ அதற்கடுத்த நாளோ சலம் பிளேன்டீ நிறத்தில் போனால் அது சாதாரண உடல் நோவு இல்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைச் சொல்லிவைக்காத மாஸ்டரைத்தான் பிறகு ஆட்கள் தேடுவார்கள்.

பெண்களுக்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிற ஜிம்களுக்கு என் நன்றி, மகளும் போகிறா. ஆனால் அந்த நேரத்தில் தலைக்கு மேலே தள்ளுவதற்கும் அதே 20 கிலோ பார்தான். ஒலிம்பிக் பளுதூக்கலில் பெண்களுக்கான பாரே 15 கிலோதான். பார் தூக்க முடியாமல் ஓடுகிற மெஷினில் அரை மணி நேரம் ஓடிவிட்டு வீட்டுக்கு வருகிறா. தொடங்கக்கூடிய எடை இல்லாத இடத்தில் எங்கிருந்து தொடங்குகிறது?

இந்த ஊரில் தூக்கக் கூடாததைத் தூக்கப் பார்த்த முதல் ஆள் இராவணன் என்பார்கள். தாய்க்குச் சுகமில்லையென்று கோணமலையையே பெயர்க்கப் போனானாம். சுவாமிமலையில் அந்த வெட்டு இன்றைக்கும் இருக்கிறது, சுற்றுலாக்காரர் நின்று படம் எடுக்கிறார்கள். அவனிடமும் சின்ன பிளேட் இருந்திருக்காது.

பகிடியை விடுவோம். ஒன்றேகால் கிலோ பிளேட் இங்கே கிடைக்காது என்று ஒரு உரிமையாளர் சொன்னார். நான் ஹாட்வெயார் கடைக்காரன், கணக்கும் பார்த்துவிட்டேன். பத்து மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகட்டில் பதினைந்து சென்ரிமீற்றர் விட்டத்தில் வட்டம் வெட்டி, நடுவில் பாருக்கு ஐந்து சென்ரிமீற்றரைச் சற்றே மிஞ்சிய ஓட்டை போட்டால், நிறை ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு இருபது கிராம்தான் குறையும். உங்கள் பார் மெல்லியது என்றால் ஓட்டையும் சின்னது, அப்போது ஒன்றேகாலைக் கொஞ்சம் தாண்டும். விளிம்பை அராவி, கறள் பிடிக்காமல் பெயின்ட் அடித்துவிடுங்கள், நம் கடற்காற்றுக்கு இரண்டு பூச்சு. நீங்கள் ஒட்டியிருக்கிற ஆளுயரக் கண்ணாடியில் ஒரு துண்டின் விலைகூட வராது.

அப்புறம் ஒரு கொப்பி. ஒவ்வொருவருக்கும் ஒன்று, எண்பது பக்கக் கொப்பி போதும். திகதி, எடை, எத்தனை முறை, அடுத்தநாள் காலை எப்படி இருந்தது. என் கொப்பியை நான் முன்பே வைத்திருந்தால், எண்பதுக்கு அடுத்த வரியில் நூறு என்று எழுதும்போதாவது கணக்கெழுதுகிற கை கூசியிருக்கும்.

அன்றைக்கு வீடியோ எடுத்த மாஸ்டரோடு எனக்குக் கோபமில்லை. அவருக்கும் ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இப்போதும் அவரிடம்தான் போகிறேன், அவரும் இப்போது முழங்காலால் ஒருவருடைய நாரியிலும் ஏறுவதில்லை. அந்த பிசியோப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு உங்கள் எல்லாருக்கும் இரண்டு மணி நேரம் கதைக்கச் சொல்லலாமா என்று கேட்டுப் பார்த்தேன். வருவேன் என்றா. இடமும் தேத்தண்ணியும் என் பொறுப்பு. எத்தனை பேர் என்று மட்டும் நீங்கள் சொல்ல வேண்டும்.

போன கிழமை 92.5 தூக்கினேன். நூறுக்கு இன்னும் மூன்று படி இருக்கிறது, அவசரமில்லை. ஒன்றேகால் கிலோ சோடி வெட்டுவித்து என் பைக்குள்ளேயே காவிக்கொண்டு திரிகிறேன், துவாயில் சுற்றி. பின்னேரம் ஆறரைக்கு வருவேன். யாருக்காவது வேண்டுமென்றால் கேட்டு எடுங்கள், எட்டு மணிக்கு நான் போகும்போது இரண்டையும் திருப்பித் தந்தால் சரி. கதவுக்கு வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உப்புவெளியிலிருந்து
ஒரு ஹாட்வெயார் கடைக் கணக்குப்பிள்ளை